தோசைக்கல்லில் ஓடும் துளி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் காலையில் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடையில், முதல் தோசை விழுவதற்கு முன் தவறாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. கல்லுக்கு முன்னால் நிற்கும் அண்ணன், பக்கத்தில் இருக்கும் குவளையில் விரல் நுனிகளை நனைத்து, கல்லின்மேல் ஓர் உதறு உதறுவார். ஓரத்தில் விழும் துளிகள் அப்படியே பரவி, பொரிந்து, 'சுர்ர்' என்ற ஒலியோடு ஓரிரு விநாடிகளில் மறைந்துவிடும். தீ நேராகப் படும் நடுப்பகுதியில் விழும் துளிகளோ பரவுவதில்லை. அவை பாதரச மணிகளைப் போலத் திரண்டு, ஓசையின்றி அங்குமிங்கும் வழுக்கி ஓடி, ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, கல்லின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழும்வரை உயிரோடு இருக்கும். சில மணிகள் மட்டும் கல்லின்மேலேயே சுருங்கிச் சுருங்கிக் கடுகளவாகி, கடைசியில் 'டிக்' என்ற மெல்லிய ஒலியோடு இல்லாமற்போகும். அண்ணன் அதைப் பார்த்ததும் தீயைக் குறைத்து, கல்லில் நீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் மாவைத் தொடுவார்.

கல்லின் நடுப்பகுதி ஓரத்தைவிட அதிகம் சுடுகிறது என்றால், அங்கே விழும் நீர் இன்னும் விரைவாக ஆவியாக வேண்டும் அல்லவா? ஆனால் அதிகச் சூட்டில் விழுந்த துளிதான் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. இதை நான் வீட்டிலும் செய்து பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல் பல ஆண்டுப் பயன்பாட்டில் நடுவே சற்றுக் குழிந்திருப்பதால், துளி ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கும். மருந்துச் சொட்டானால் ஒவ்வொரு துளியாக விட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். கல் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில் இருந்தபோது துளி இரண்டு விநாடிக்குள் முடிந்தது. 250 டிகிரியைத் தாண்டியபோது அதே அளவுத் துளி ஒரு நிமிடத்துக்கும் மேலாக அந்தக் குழியில் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த விந்தையை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோகான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர். நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவே 1732-இலேயே இதைப் போன்ற ஒன்றைக் கண்டு குறித்திருந்தாலும், 1756-இல் சாதாரண நீரின் சில பண்புகளைப் பற்றி லத்தீனில் லைடன்ஃப்ராஸ்ட் எழுதிய நூலே இதற்கு அடித்தளமாக அமைந்தது. நிகழ்வும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் கையாண்ட கருவி ஓர் இரும்புக் கரண்டிதான். அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒரு சொட்டு நீரை விட்டு, ஊசல் ஆடும் கணக்கை வைத்து நேரத்தை அளந்தார். முதல் துளி ஏறக்குறைய 30 விநாடிகள் இருந்தது. கரண்டி சற்று ஆறிய பின் விட்ட அடுத்த துளி 10 விநாடிகளில் முடிந்தது. அதற்கடுத்தவை சில விநாடிகளே நின்றன. கரண்டி ஆற ஆறத் துளியின் ஆயுள் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தட்டையான தகட்டை விட்டுக் குழிந்த கரண்டியை எடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பது, தட்டையான கல்லில் துளியைத் துரத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

துளியின் அடிப்பகுதி சூடான பரப்பை நெருங்கும்போதே அதன் ஒரு மெல்லிய பகுதி ஆவியாகிவிடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். ஆகவே சிறிதளவு நீர் ஆவியானாலே போதும், துளிக்கும் உலோகத்துக்கும் இடையே ஓர் ஆவிப்படலம் உருவாகி, துளியைத் தூக்கிப்பிடித்துவிடும். அந்தப் படலத்தின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தாளின் தடிமன்தான். துளிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, கண்ணைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஒளி ஒரு கீற்றாகத் தெரியும். எண்களைப் படித்து வரும் உறுதி ஒருவிதம்; துளி நிற்கவில்லை, மிதக்கிறது என்பதை அந்தக் கீற்றின் வழியாகக் கண்ணாலேயே கண்டுகொள்வது வேறுவிதம். வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீராவி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். நீரின் வெப்பக் கடத்துதிறனோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். இதன் விளைவை ஒரு தோராயக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சொட்டானிலிருந்து விழும் ஒரு துளியின் எடை சுமார் 0.05 கிராம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 15 ஜூல் போதும்; ஆனால் முழுவதையும் ஆவியாக்க இன்னும் 113 ஜூல் வேண்டும். நம் பிள்ளைகள் நான்காம் படிவத்து இயற்பியலில் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுதான். கல் 250 டிகிரியிலும் துளியின் அடிப்பகுதி 100 டிகிரியிலும் இருக்க, நடுவே 0.1 மில்லிமீட்டர் ஆவி இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 45,000 வாட் என்ற அளவில் வெப்பம் கடக்கும். துளியின் அடிப்பரப்போ 20 சதுர மில்லிமீட்டர்தான். எனவே அதற்குக் கிடைப்பது ஒரு வாட்டுக்கும் சற்றுக் குறைவு. 128 ஜூலைச் சேர்க்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இப்போது படலம் இல்லாமல் நீர் உலோகத்தைத் தொட்டுக் கொதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்நிலையில் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் வரை பாயக்கூடும். அதே அடிப்பரப்புக்கு 20 வாட். நேரம் ஆறு விநாடி. தொடும் துளி பரவித் தன் அடிப்பரப்பைப் பெருக்கிக்கொள்வதால் உண்மையில் அது இன்னும் குறையும். என் வீட்டுக் கல்லில் கிடைத்த இரண்டு விநாடிக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையிலான வேறுபாடு இந்தக் கணக்கின் போக்கோடு ஒத்துப்போகிறது. கணக்கு, துளி சுருங்குவதையும் கல்லின் கதிர்வீச்சையும் விட்டுவிடுகிறது. ஆகவே அளவுகள் மட்டும் சரியான வரிசையில் வந்தாலே போதுமானது.

அந்தப் படலம் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஆவி ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. துளியின் அடியில் இடைவிடாமல் பிறந்து, விளிம்பு வழியாக இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. துளியின் எடையால் படலம் சற்று மெலிந்தால், வெப்பம் விரைவாகப் பாய்ந்து அதிக ஆவி பிறக்கும். துளி மீண்டும் உயரும். படலம் தடித்துவிட்டால் வெப்பம் குறைந்து, ஆவியும் குறைந்து, துளி தாழும். யாரும் கைவைக்காமலே அது தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது. இவ்வளவுக்கும் தேவைப்படும் அழுத்தம் மிகச் சிறியது. ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்க 50 பாஸ்கல் போதும். அது வளிமண்டல அழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த 50 பாஸ்கலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

துளி சிறியதாக இருந்தால் பரப்பு இழுவிசை அதை உருண்டையாக வைத்திருக்கும். ஆரம் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் புவியீர்ப்பின் கை ஓங்கி, துளி அப்பம்போல் தட்டையாகும். அப்போதும் அதன் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். ஆரம் ஒரு சென்டிமீட்டரை எட்டினால், அடியில் சேரும் ஆவிக்கு விளிம்பு வரை போக வழி போதாமல், துளியின் நடுவையே பிளந்துகொண்டு புகைபோக்கிபோல் மேலெழும். துளி வழுக்கி ஓடுவதற்குக் காரணம், அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வு ஏறக்குறைய இல்லாமற்போவதே. ஆனால் சமமான கல்லில்கூட, யாரும் தள்ளாமலே சிறு துளிகள் கிளம்பி ஓடுவதை அந்த ஒட்டுக்கடையில் பலமுறை கண்டு வியந்திருக்கிறேன். அதற்கு விடை 2018-இல்தான் தெளிவாகக் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் துளிக்குள் நீர் ஓடும் விதத்தைப் பின்தொடர்ந்தபோது, துளி சிறுத்ததும் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஒரே பக்கமாகச் சக்கரம்போல் சுழலத் தொடங்குவதையும், அதனால் அடிப்பரப்பு நூலிழை அளவு சாய்ந்து, துளி ஒரு திசையில் உந்தப்படுவதையும் கண்டார்கள். அதற்கு முன்பே, 2006-இல், ஹைனர் லிங்க்கேயும் அவருடைய குழுவினரும் ரம்பப் பல்போல் வரிகள் வெட்டிய சூடான உலோகத்தில் துளிகளை ஒரே திசையில் ஓடவைத்தார்கள். விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அவை மேட்டிலும் ஏறின.

எத்தனை டிகிரியில் இந்த மிதப்பு தொடங்குகிறது என்று கேட்டால், நீருக்கு ஏறத்தாழ 200 டிகிரி என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒற்றை எண் கற்பவர்களைத் திசைதிருப்புகிறது என்பதே என் கருத்து. கொதிநிலையைப் போல நீருக்கே சொந்தமான எண் அன்று இது. நன்றாக மெருகேற்றிய அலுமினியத்தில், துளியை மெதுவாக இறக்கி வைத்தால், 150 டிகிரிக்கு அருகிலேயே படலம் உருவாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் அதன் முனைகள் படலத்தைத் துளைத்துக்கொண்டு நீரைத் தொடும் என்பதால் அதிகச் சூடு தேவைப்படும். 300 டிகிரியைத் தாண்டியும் துளி பொரிந்துகொண்டே இருக்கலாம். நீரை அறவே ஒட்டவிடாத பூச்சு பூசிய பரப்பிலோ நிலைமை நேர்மாறு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அத்தகைய பூச்சுப் பெற்ற சூடான உருக்குக் குண்டை நீரில் இறக்கியபோது, அது ஆறி முடியும்வரை ஆவிப்படலம் உடையவே இல்லை. படலம் சரியும்போது வழக்கமாக எழும் ஆரவாரமான கொதிப்பும் வரவில்லை.

பரப்பின் கடத்துதிறனும் இதில் ஒரு பங்காளி. துளி இறங்கும் இடத்தில் பரப்பும் சற்று ஆறுகிறது. செம்பு, அலுமினியம் போன்றவை சுற்றிலுமிருந்து வெப்பத்தை உடனே கொண்டுவந்து அந்த இழப்பை ஈடுகட்டும். கண்ணாடியால் அது முடியாது. துளிக்குக் கீழே ஒரு குளிர்ந்த திட்டு உருவாகிவிடும். ஆகவே கண்ணாடியில் மிதப்பதற்கு, தொடக்கத்திலேயே இன்னும் கூடுதலான சூடு வேண்டியிருக்கிறது.

தீமிதியில் கால் ஏன் வெந்துபோவதில்லை என்ற கேள்விக்கும், ஈரக்காலில் உண்டாகும் ஆவிப்படலமே காரணம் என்று இந்த நிகழ்வைக் காட்டிச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த விளக்கம் தேவையற்றது என்றே நினைக்கிறேன். கரியும் அதன்மேல் படியும் சாம்பலும் வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துபவை; ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையில் பாதம் அவற்றைத் தொடும் நேரமும் ஒரு விநாடிக்குக் குறைவே. அதே சூட்டில் ஓர் இரும்புத் தகட்டை விரித்தால், ஈரமான காலும் காப்பாற்றாது. விரதமிருந்து இறங்கும் பக்தரின் மனவுறுதி வேறொரு தளத்தைச் சேர்ந்தது; அதற்கு இயற்பியலின் சான்று வேண்டியதில்லை. இயற்பியல் பேச வேண்டிய இடத்தில் மட்டும் சரியான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இதுவரை பேசியது மெதுவாக இறக்கி வைத்த துளியைப் பற்றி. துளி உயரத்திலிருந்து வந்து மோதினால் கதை மாறுகிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, மோதும் கணத்தில் சுமார் 1,000 பாஸ்கல் அழுத்தம் தரும். சும்மா நிற்கும் துளியைத் தாங்கத் தேவைப்பட்ட 50 பாஸ்கலைப் போல அது இருபது மடங்கு. அரை மீட்டரிலிருந்து விழுந்தால் நூறு மடங்கு. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி விநாடிக்கு ஆறு மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வந்து சேர்வதால் நானூறு மடங்கு. இத்தனை அழுத்தத்தையும் எதிர்த்துத் துளியைத் தடுத்து நிறுத்த, ஆவி முன்னைவிட மிக விரைவாகப் பிறக்க வேண்டும். அதற்குப் பரப்பு முன்னைவிட அதிகம் சுட வேண்டும். வேகமாக மோதும் துளி மிதப்பதற்கான வெப்பநிலை, மெல்ல இறக்கிய துளிக்கு உரியதைவிட உயர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

நெதர்லாந்தின் டுவென்ட்டே பல்கலைக்கழகத்தில் துவான் திரானும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக வகைப்படுத்தியது. அவர்கள் துளியின் வேகத்தையும் பரப்பின் சூட்டையும் மாற்றி மாற்றி, அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். சூடு போதாதபோது துளி பரப்பைத் தொட்டு, உடனே கொதித்து, நுண்துளிகளை மேல்நோக்கி வாரி இறைக்கிறது. சூடு போதுமான அளவு உயர்ந்ததும், அது எங்கும் தொடாமல் அடைபோல் விரிந்து, மீண்டும் சுருங்கி, பந்துபோல் எழும்பிப் போய்விடுகிறது. வேகமும் சூடும் இரண்டும் மிகுந்தால், பரப்பைத் தொடாமலே, அடியிலிருந்து பீறிடும் ஆவி துளியின் தாளைப்போன்ற உடலைத் துளைத்துச் சாரலாக்கிவிடுகிறது. தொடாமல் எழும்பும் துளி எவ்வளவு நேரம் பரப்பின் அருகில் இருக்கும் என்பது அதன் வேகத்தைப் பெரிதும் பொறுத்ததன்று. துளியின் அளவும் நீரின் பரப்பு இழுவிசையுமே அதை முடிவுசெய்கின்றன. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளிக்கு அது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. வேகம் கூடினால் துளி இன்னும் அகலமாக விரியும். ஆனால் அதே நேரத்துக்குள் திரும்பிவிடும். ஊஞ்சலை எவ்வளவு ஓங்கித் தள்ளினாலும் அது போய்வரும் நேரம் பெரிதாக மாறாததைப் போன்றது இது.

இவற்றையெல்லாம் ஆய்வகத்துக்கு வெளியே ஒரே இடத்தில் பார்க்க முடியும். கோலாலம்பூரின் மாலை மழை தெரிந்தவர்களுக்கு, கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தின் அடியில் கூட்டமாக ஒதுங்கி நிற்பது பழகிய காட்சி. அப்படி ஒருநாள் ஒதுங்கி நின்றபோது, என் கப்சாயின் (சிறிய மோட்டார் சைக்கிளின்) புகைக்குழாயில், மழைச்சட்டையின் ஓரத்திலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயின் கடைசிப் பகுதியில் விழுந்த துளி, அதை நனைத்து வழிந்து, நிதானமாக ஆவியானது. நடுப்பகுதியில் விழுந்தது 'ஸ்ஸ்' என்று சீறி, வெண்புகையாகி, கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமற்போனது. இன்ஜினை ஒட்டிய வளைவில் விழுந்ததோ பல மணிகளாகச் சிதறி, குழாயை நனைக்காமலே தெறித்துத் தரையில் விழுந்தது. அந்த இடம் கடைசிவரை உலர்ந்தே இருந்தது. அதிகம் குளிர வேண்டிய இடத்துக்குத்தான் நீர் மிகக் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. வண்டி நின்று பத்து நிமிடம் ஆனதும் அந்த உலர்ந்த இடத்தின் எல்லை மெல்லப் பின்வாங்கி, சீறும் பகுதி இன்ஜினை நோக்கி நகர்ந்து வந்தது. அருகில் நின்ற ஒரு தம்பி, "அண்ணே, பைப்புல ஏதாச்சும் ஓட்டையா?" என்று கேட்டான். இல்லை தம்பி என்று சொல்லி அவனுக்கும் காட்டினேன். மழை விடும்வரை இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூடான பொருளை நீரால் குளிர்விக்க நினைக்கும் ஒவ்வொருவரும் சந்திக்கும் சிக்கல் அந்தப் புகைக்குழாயிலேயே இருக்கிறது. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த தலைமுறை நம்மவர்களுக்கு அது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. அங்கே கொல்லுலையில் இருந்த என் பெரியப்பா, சிவக்கக் காய்ந்த இரும்பை நீரில் முக்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "முக்கிட்டுச் சும்மா நிக்கக்கூடாதுடா, ஆட்டிக்கிட்டே இருக்கணும்" என்பார். 800 டிகிரிக்கும் மேல் காய்ந்த உருக்கு நீரில் இறங்கியதும், அதைச் சுற்றி ஆவி ஒரு போர்வையாகப் போர்த்திக்கொள்கிறது. போர்வை இருக்கும்வரை உருக்கு மெதுவாகத்தான் ஆறும். அது ஓரிடத்தில் உடைந்து இன்னோரிடத்தில் உடையாமல் நின்றால், உடைந்த இடம் கடினமாகவும் உடையாத இடம் மெத்தென்றும் ஆகிவிடும். சீரில்லாமல் ஆறியதால் பொருள் கோணவும் வெடிக்கவும்கூடும். ஆட்டுவது அந்தப் போர்வையைக் கிழிப்பதற்கு. உப்புநீரில் முக்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம்: நீர் ஆவியாகும் இடத்தில் உப்புப் படிகங்கள் உலோகத்தில் ஒட்டி, படீர் படீரென்று தெறித்து, படலத்தை உடைத்துவிடுகின்றன. பெரியப்பாவுக்கு லைடன்ஃப்ராஸ்ட் யாரென்று தெரியாது. ஆனால் படலம் கிழிந்ததும் நீரில் எழும் ஒலி மாறுவதை அவர் வாயாலேயே செய்து காட்டுவார். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த ஒலி மாற்றத்தின் பின்னால் இருக்கும் முழு வளைகோட்டையும் வரைந்து காட்டியவர் ஜப்பானின் ஷிரோ நுக்கியாமா. 1934-இல் அவர் நீரில் மூழ்கிய மெல்லிய உலோகக் கம்பியில் மின்சாரம் செலுத்தி, கம்பியின் சூட்டையும் அதிலிருந்து நீருக்குப் போகும் வெப்பத்தையும் அளந்தார். மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட நீர் குமிழ்விட்டுக் கொதித்து வெப்பத்தை மேலும் மேலும் வாங்கிக்கொண்டது. ஆனால் ஓர் உச்சத்தைத் தாண்டியதும் ஆவி கம்பியை மூடிக்கொள்ள, கம்பியின் சூடு ஒரே தாவலில் பல நூறு டிகிரி எகிறியது. நிக்ரோம் கம்பி உருகி அறுந்துபோனது. உருகுநிலை உயர்ந்த பிளாட்டினம் தாங்கியது. அணு உலைகளில் எரிபொருள் தண்டுகளைச் சுற்றி நீர் ஓடும் இடத்தில் பொறியாளர்கள் மிகவும் அஞ்சுவது இந்தத் தாவலையே. உலையின் ஆற்றலுக்கு வரம்பு வகுக்கும்போது, இந்த உச்சத்துக்கு வெகு கீழேயே நின்றுகொள்ளும்படி கணக்கிடுகிறார்கள். நம் மலேசியாவிலுள்ள ஒரே அணு உலை, பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு உலை. ஒரு மெகாவாட் திறனே கொண்டது. அது ஒரு நீர்த்தொட்டியின் அடியில் இருப்பதால், இந்தக் கவலைக்கு அங்கே இடம் மிகக் குறைவு.

உருக்கு ஆலைகளில் வார்ப்பாகி வரும் செங்கனல் பாளங்களின்மேல் நீரைப் பீச்சும்போது, துளிகளின் வேகத்துக்கும் பருமனுக்கும் அவ்வளவு முக்கியத்துவம் தரப்படுவது ஏன் என்பது இப்போது புரியும். படலத்தைத் துளைத்து உலோகத்தைத் தொடும் துளிதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எழும்பிப் போகும் துளி கொண்டுவந்த நீர் ஏறக்குறைய முழுவதும் வீண். இதற்கு வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறொரு வழியை 2022-இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தின் தலைமையிலான குழு காட்டியது. வெப்பத்தை நன்கு கடத்தும் குட்டையான உருக்குத் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு நடுவே நீரை உறிஞ்சும், ஆனால் வெப்பம் கடத்தாத, நார்ப்படலத்தைப் பதித்து, அதற்கும் கீழே ஆவி வெளியேற வாய்க்கால்கள் வைத்தார்கள். தூண்கள் வெப்பத்தைக் கொண்டுவருகின்றன, நார் நீரைப் பிடித்துவைக்கிறது, பிறக்கும் ஆவி மேலே எழுந்து துளியைத் தூக்காமல் கீழேயே வடிந்துவிடுகிறது. 1,000 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் நீர் அந்தப் பரப்பைத் தொட்டுக் கொதித்தது. 1756-இல் ஒரு கரண்டியில் தொடங்கிய ஆராய்ச்சியில், ஆவி எங்கே போகிறது என்ற கேள்வியை மையத்தில் வைத்துச் சிந்தித்ததுதான் இதன் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் தோசைக்கல்லுக்கு வருவோம். கல் அதிகமாகக் காய்ந்திருக்கும்போது மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருவதை, துளி மிதப்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாவு கெட்டியானது, கரண்டியின் அழுத்தத்தில் அது கல்லைத் தொட்டுவிடுகிறது. தொட்ட கணத்தில் அதன் மாச்சத்து வெந்து இறுகிவிடுவதால்தான் அதைத் தேய்த்து விரிக்க முடிவதில்லை. ஓடும் துளி அண்ணனுக்குச் சொல்வது கல்லின் சூட்டை மட்டுமே. துளி பரவிப் பொரிந்தால் மாவை விடலாம். மணியாகி ஓடினால் இன்னும் ஆற வேண்டும். அவர் கல்லைக் குளிர்விப்பதற்காகத் தெளிக்கும் முதல் கை நீரில் பெரும்பகுதி ஓடிப்போய்விடுவதும், வெங்காயத்தால் அதைக் கல்லோடு வைத்து அழுத்தித் தேய்த்த பிறகே கல் அடங்குவதும், பெரியப்பா இரும்பை ஆட்டியதோடு ஒத்த வேலைதான்.

கல்லின்மேல் தங்கிவிடும் அந்தக் கடைசி மணிகளின் 'டிக்' ஒலிக்கும் இப்போது விளக்கம் உண்டு. துளி சுருங்கச் சுருங்க அதன் எடை, ஆரத்தின் முப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. அடியிலிருந்து தள்ளும் ஆவியின் விசை அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு வந்ததும், துளிக்கும் கல்லுக்கும் இடையிலான இடைவெளி குறைவதற்குப் பதிலாகப் பெருகத் தொடங்கி, தூய நீர்த்துளியானால் அது கல்லைவிட்டு மேலே எழுந்து பறந்துபோகிறது. 2012-இல் பிரான்ஸில் இது முதன்முதலில் பதிவானது. குழாய்நீரில் கரைந்திருக்கும் உப்புகளும் கடைக் குவளையில் கலந்த மாவும் துளி சுருங்கும்போது அதன் மேற்புறத்தில் செறிந்துகொண்டே வரும். அவை போதுமான அளவு இருந்தால் துளி எழுவதற்கு முன்பே கல்லைத் தொட்டு வெடிக்கிறது. அந்தத் தொடுதலின் ஒலியே 'டிக்'. அது நின்ற இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். அண்ணன் அடுத்த தேய்ப்பில் அதை வெங்காயத்தால் துடைத்துவிட்டு, மாவுக் கரண்டியை எடுக்கிறார்.